ராஜாவுக்கு செக்

"மேசை மேல இருக்கிற செக்கை ஒரு தடவை செக் பண்ணிட்டு, வாசல்ல செக் சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறாரே, அவர்கிட்ட குடுத்துடு." வீட்டில் பேச்சோடு பேச்சாக வந்து விழுந்த வாக்கியம் இது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். "சித்தப்பா, இது ஒரே வார்த்தையா, மூணு வார்த்தையா?"

மொழியைப் பற்றிக் கேட்கத் தகுந்த கேள்விகளில் இது தலையானது. நம் இலக்கணமும் இதை வெகுகாலமாகக் கேட்டுவருகிறது. ஒரு சொல் பல பொருளைத் தாங்கினால் அது பலபொருள் ஒருசொல். தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் அதற்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் ஒலி ஒன்றாக இருப்பதாலேயே சொல்லும் ஒன்றாகிவிடாது. ஆறு என்றால் நதி. ஆறு என்றால் வழி. நீர் போகும் தடமும் ஆள் போகும் தடமும் ஒரே சொல்லில் நிற்பதற்குக் காரணம் சொல்ல முடியும். ஐந்துக்கு அடுத்து வரும் ஆறுக்கும் காவிரிக்கும் அப்படி ஓர் உறவைக் காட்ட முடியாது. காசோலை, சரிபார்ப்பு, கட்டம் போட்ட துணி ஆகிய மூன்றையும் சுமக்கும் செக், இதில் எந்த வகை?

ஆங்கிலத்தில் பொருள் மிகுந்த சொல் எது என்ற பேச்சு வந்தால் வேறு இரண்டு சொற்களைத்தான் காட்டுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் முதல் பதிப்பு 1928-இல் நிறைவுற்றபோது 'செட்' என்ற சொல்லின் பதிவுதான் அதில் மிக நீண்டது. இன்று 'ரன்' அதை முந்திவிட்டது. அவை இரண்டும் ஜெர்மானிய வேரில் முளைத்து அந்த மொழியின் வீட்டுக்குள்ளேயே கிளைத்தவை. செக் வெளியிலிருந்து வந்த சொல். பாரசீகத்தில் பிறந்து அரபு, லத்தீன், பிரெஞ்சு என்று கைமாறி ஆங்கிலத்தில் குடியேறி, கடைசியில் நம் பேருந்துக்குள்ளும் ஏறிவிட்டது. அதன் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஊரும் ஒரு காலமும் உண்டு என்பதால் எனக்கு அது கூடுதலாகப் பிடிக்கும்.

தமிழ்ப் பேச்சில் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினால் சலிக்கிறது. பேருந்தில் செக்கிங் ஏறுகிறார்கள். எல்லையில் செக்போஸ்ட். ஆஸ்பத்திரியில் செக்கப். லாட்ஜில் செக்-இன். ஓடைக்குக் குறுக்கே செக் டேம். அரசியல் வார இதழ்களின் அட்டையில் யாராவது ஒருவர் யாருக்காவது 'செக் வைத்து'க்கொண்டே இருக்கிறார். எழுத்துத் தமிழுக்குப் போனால் இந்தக் குடும்பம் சிதறிவிடும். சரிபார்த்தல், சோதனைச்சாவடி, தடுப்பணை, காசோலை, கட்டம், முற்றுகை என்று ஆளுக்கொரு சொல். ஒன்றின் முகத்தில் இன்னொன்றின் சாயல் இல்லை. தமிழ் வழியாக மட்டும் பார்ப்பவர்களுக்கு இவை ஆறு தனித்தனிச் செய்திகள். ஆங்கிலத்தில் இவை ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தாய் எப்படிப்பட்டவள் என்று தெரிய ஈரானுக்குப் போக வேண்டும்.

மேற்கு ஈரானில் பெகிஸ்தூன் என்ற மலைப்பாறையில், கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டின் கடைசியில், பேரரசன் தாரயவுஷ் தன் வெற்றிகளைச் செதுக்கி வைத்தான். கிரேக்கர்கள் டாரியஸ் என்று அழைத்த அரசன்தான் அவன். அந்தப் பழம்பாரசீகக் கல்வெட்டில் அரசனைக் குறிக்கும் சொல் 'க்ஷாயதிய'. ஆளுதல் என்ற பொருளுள்ள 'க்ஷய்' என்ற வேரிலிருந்து வந்தது. வடமொழியின் க்ஷத்திரம், க்ஷத்திரியன் எல்லாம் இதே வேரின் இந்தியக் கிளை. பல நூற்றாண்டு நாவில் உருண்டதில் 'க்ஷாயதிய' தேய்ந்து 'ஷா' என்று ஓரசையாக நின்றது. ஹகரம் மெல்லக் கேட்கும்படி 'ஷாஹ்' என்பார்கள். முகலாய அரசர்களின் பட்டமாக வந்து, பிறகு நம் இனிப்புக் கடைத் தட்டிலும் பெயராக உட்கார்ந்துகொண்ட பாதுஷாவில் பாதி இந்த ஷாதான்.

இந்த அரசனைச் சொல்லாக்கி உலகம் சுற்ற அனுப்பியது ஒரு விளையாட்டு. ஆனை, தேர், குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையின் பெயரால் சதுரங்கம் என்று வடஇந்தியாவில் அழைக்கப்பட்ட ஆட்டம், ஆறாம் ஏழாம் நூற்றாண்டுகளில் சாசானியர் ஆண்ட பாரசீகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதன் பெயர் சத்ரங். ஏழாம் நூற்றாண்டில் அரபுகள் பாரசீகத்தை வென்றபோது ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் 'ச்ச' ஒலியும் 'க' என்ற மெல்லொலியும் இல்லாததால் சத்ரங், ஷத்ரஞ்ச் ஆயிற்று. பெயர் மாறினாலும் ஆட்டக்காரர்களின் குரல் மாறவில்லை. எதிரியின் அரசன் தாக்குதலுக்கு உள்ளானால் "ஷாஹ்!" என்று கூவி எச்சரிப்பது பாரசீக வழக்கம். அரசனுக்குப் போக்கிடமே இல்லையென்றால் "ஷாஹ் மாத்!"

இந்த 'மாத்' பற்றி ஒரு பழைய வழக்கு நிலுவையில் இருக்கிறது. அரபில் 'மாத' என்றால் இறந்தான். எனவே ஷாஹ் மாத் என்றால் 'அரசன் இறந்தான்' என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பாரசீகத்திலோ 'மாத்' என்றால் திகைத்துப்போனவன், செய்வதறியாமல் நிற்பவன் என்று பொருள். நான் இரண்டாவது பக்கம். காரணம் பலகையிலேயே இருக்கிறது. சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் வெட்டுப்படும். அரசன் மட்டும் வெட்டுப்படுவதில்லை. அவன் நின்ற இடத்தில் நிற்க, எட்டுத் திசையும் அடைபட, ஆட்டம் முடிகிறது. அந்த நிலையை நேரில் பார்த்து ஒருவர் சொல்லக்கூடிய சொல் 'திகைத்தான்' என்பதுதான். செக்மேட்டின் பின்பாதியான 'மேட்' இந்த மாத். இந்தியில் இன்றும் 'ஷஹ் அவுர் மாத்' என்று பழைய இணை பிரியாமல் வழங்குகிறது.

அரபுகள் வழியாக ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஆட்டம் கரையேறியது. ஷாஹ் என்பதன் இறுதி ஹகரத்துக்கு இடைக்கால லத்தீன் நாவில் இடமில்லை. அது ககரமாக இறுகி 'ஸ்காக்குஸ்' என்ற வடிவம் பிறந்தது. இது நமக்கு விளங்காத மாற்றமல்ல. மோஹத்தை மோகம் என்றும் ஸாஹிபைச் சாகிபு என்றும் ஆக்கிக்கொண்டவர்கள் நாம். லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சில் 'எஷெக்'. நார்மானியர் ஆட்சிக்குப் பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக ஆங்கிலத்தில் புகுந்தபோது, முன்னால் இருந்த எகரம் உதிர்ந்து 'செக்' மிஞ்சியது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததுதான் ஆட்டத்தின் ஆங்கிலப் பெயரான 'செஸ்'. அதாவது செஸ் என்றால் 'அரசர்கள்'. செக்கும் செஸ்ஸும் ஒரே சொல்லின் ஒருமையும் பன்மையும்.

1370-ஐ ஒட்டி ஜெஃப்ரி சாசர் எழுதிய 'டச்சஸின் நூல்' என்ற கவிதையில், கறுப்பு உடை அணிந்த வீரன் ஒருவன் விதி என்னும் பெண்ணோடு சதுரங்கம் ஆடித் தன் ராணியைப் பறிகொடுத்ததாகப் புலம்புகிறான். ராணி என்பது இறந்துபோன அவன் மனைவி. விதி அவனுக்கு செக் சொல்கிறாள். ஆங்கிலத்துக்கு வந்து அதிக காலம் ஆகாத சொல் அதற்குள் பலகையை விட்டு இறங்கி மனித வாழ்வுக்குள் கால் வைத்துவிட்டதை அந்த இடத்தில் பார்க்கலாம்.

இனி கிளைகள். "ஷாஹ்!" என்ற குரல் எழுந்ததும் என்ன நடக்கிறது? எதிராளி மனத்தில் வைத்திருந்த திட்டம் எதுவானாலும் அப்படியே நிற்கிறது. குதிரையை எடுக்கலாம், தேரை நகர்த்தலாம் என்று எண்ணியிருந்தவர், எல்லாவற்றையும் போட்டுவிட்டு அரசனைக் காப்பாற்றியாக வேண்டும். திடீரென்று ஏற்படும் இந்த நிறுத்தமே ஆங்கிலத்தில் செக்கின் முதல் விரிவு. தடை, தடுத்தல், இழுத்துப் பிடித்தல், அடக்கி வைத்தல் என்று அது படர்ந்தது. வல்லூறு வளர்ப்போர், பறவை தன் இரையை விட்டு வேறொன்றின் பின்னால் திசைமாறிப் போவதை செக் என்றார்கள். வேட்டை நாய்கள் மோப்பம் அறுந்து நிற்பதும் செக். குதிரை தலையைத் தாழ்த்தவிடாமல் பிடிக்கும் வார், நீரை ஒருபக்கம் மட்டும் போகவிடும் வால்வு, பனி ஹாக்கியில் எதிராளியை உடம்பால் மோதி நிறுத்துவது, ஓடை நீரின் வேகத்தை மட்டுப்படுத்தும் தடுப்பணை எல்லாம் இந்தக் கிளையில் காய்த்தவை. தங்கு தடையின்றி ஆளும் கை எதுவும் இருக்கக் கூடாது என்று 1780-களில் அமெரிக்க அரசமைப்பை விவாதித்த ஜான் ஆடம்ஸ், ஜேம்ஸ் மேடிசன் போன்றவர்கள், அரசின் ஓர் உறுப்பை இன்னோர் உறுப்பு பிடித்து நிறுத்துவதற்கும் இதே சொல்லைத்தான் எடுத்தார்கள். அரசனின் பெயரான சொல், அரசனைப்போல் எவரும் ஆளாமல் தடுக்கும் ஏற்பாட்டுக்குப் பெயரானது.

மற்ற ஐரோப்பிய மொழிகள் இதே விதையை வேறு மண்ணில் வளர்த்தன. பிரெஞ்சில் 'எஷெக்' என்றால் தோல்வி. பள்ளியில் தேறாத மாணவனைப் பற்றிப் பேசும்போதும் அந்தச் சொல்தான். ஜெர்மானியர் ஒருவரை அடக்கி வைப்பதை 'சதுரங்க முற்றுகையில் வைத்திருத்தல்' என்று சொல்வார்கள். ரஷ்யர்களுக்கு ஆட்டத்தின் பெயரே 'ஷாஹ்மத்தி'.

இதுவரை சொன்னது அரசனின் வழி வந்த கிளை. இரண்டாவது கிளை அரசன் நின்ற பலகையின் வழி வந்தது. துணிக்கும் பணத்துக்கும் செக் போய்ச் சேர்ந்த பாதையை இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது. இந்தியாவிலும் பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் சதுரங்கப் பலகை வெறும் கோடுகளால் ஆனது. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பலகை ஐரோப்பாவின் கைவேலை. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடல்ன் மடத்தில் பாதுகாக்கப்படும், பத்தாம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்த லத்தீன் செய்யுள் ஒன்று இருநிறக் கட்டங்களைக் குறிப்பிடுகிறது. பழைய பிரெஞ்சில் பலகைக்குப் பெயர் 'எஷெக்கியே'. அது ஆங்கிலத்தில் 'செக்கர்' ஆகி, கட்டம் கட்டமாகத் தெரிந்த எதற்கும் பெயராகி, பிறகு குறுகி 'செக்' என்றே நின்றது. ஆட்டம் இந்தியாவோடு நின்றிருந்தால் இந்தப் பொருள் பிறந்திருக்க வழியே இல்லை.

பலகை துணியாவதற்கு நடுவில் ஒரு முறை கஜானாவாகவும் ஆயிற்று. இந்தச் சொல்லின் கதையில் நான் அதிகம் நின்று பார்க்கும் இடம் அது.

பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து. முதலாம் ஹென்றியின் ஆட்சி. ஈஸ்டரின் போதும் இலையுதிர் காலத்து மைக்கேல் திருநாளின் போதும் மாவட்டங்களின் ஷெரீப்புகள் வரிப்பணத்தைக் கொண்டுவந்து கணக்குத் தர வேண்டும். கணக்கோ ரோம எண்களில். பூஜ்யம் கிடையாது, இடமதிப்புக் கிடையாது, ரோம எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்துப் பார்ப்பவருக்கு அந்தச் சங்கடம் புரியும். அதற்கு அவர்கள் கண்ட வழி ஒரு மேசை. பத்தடி நீளம், ஐந்தடி அகலம், காசு உருண்டு விழாமல் ஓரத்தில் நான்கு விரற்கடை உயர விளிம்பு. அதன்மேல் கோடு போட்ட கறுப்புத் துணி. ஒரு பத்தி பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுண்டுக்கு, பிறகு இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று பத்திகள். கட்டவேண்டிய தொகைக்கு ஒரு வரிசையில் காய் வைப்பார்கள். கட்டிய தொகைக்கு அதன் கீழ் வரிசையில் காய் வைப்பார்கள். எழுத்தறியாத ஷெரீப்பும் தன் பாக்கி எவ்வளவு என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். இடமதிப்பு எண்முறை அந்நாட்டு அலுவலகங்களுக்கு வந்து சேருமுன், அதன் வேலையை அந்தத் துணி செய்தது.

கட்டத் துணி விரித்த அந்த மேசையின் பெயரே அலுவலகத்தின் பெயராயிற்று: எக்ஸ்செக்கர். அங்கே பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், 1170-களில் அதன் நடைமுறைகளை லத்தீனில் எழுதிவைத்தார். ஆசானும் மாணவனும் பேசிக்கொள்வதாக அமைந்த நூல் அது. இந்த இடத்துக்கு ஏன் இந்தப் பெயர் என்று மாணவன் கேட்கிறான். மேசை சதுரங்கப் பலகையைப் போலிருப்பதால் என்கிறார் ஆசான். அதோடு விடவில்லை. பலகையில் இரண்டு அரசர் போரிடுவதுபோல் இங்கே பொருளாளரும் ஷெரீப்பும் போரிடுகிறார்கள், மற்றவர்கள் சுற்றி அமர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று இன்னொரு காரணமும் காட்டுகிறார். வேலையில் இருந்தவரே தன் அலுவலகப் பெயரின் காரணத்தை எழுதிவைத்துப் போவது சொல்லாராய்ச்சியில் எப்போதாவது கிடைக்கும் பேறு. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் அந்தக் கட்டத்துணியின் பெயராலேயே அழைக்கப்படுகிறார்.

எக்ஸ்செக்கரில் பணம் கட்டியதற்கு ரசீது காகிதமல்ல, குச்சி. தொகைக்கேற்ப வெட்டுகள் இட்டு, குச்சியை நெடுக்காகப் பிளந்து, ஆளுக்கொரு பாதி. சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வெட்டுகள் பொருந்தினால் கணக்கு மெய். 1826-இல் இந்த முறை முடிவுக்கு வந்தது. குவிந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் அடுப்பில் போட்டு எரித்தபோது தீ மீறிப்போய், நாடாளுமன்றக் கட்டடமே எரிந்தது. இன்று தேம்ஸ் கரையில் நாம் படங்களில் பார்க்கும் மாளிகை அதற்குப் பிறகு கட்டியது.

இந்தக் குச்சிதான் செக்கின் அடுத்த பொருளுக்குத் திறவுகோல். தடுத்தல் என்ற பொருளுள்ள சொல் சரிபார்த்தல் என்ற பொருளுக்கு எப்படித் தாவியது என்பது முதலில் விளங்காமல் இருக்கலாம். தவறு நடக்காமல் தடுக்க ஒரே வழி, ஒன்றை இன்னொன்றோடு ஒட்டிப் பார்ப்பது. கணக்கு எழுதும் இடத்தில் தடுப்பதும் ஒப்பிடுவதும் ஒரே செயலின் இரண்டு முகம். 'கன்ட்ரோல்' என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான். கணக்குச் சுருளுக்கு எதிராக வைத்து ஒப்பிடும் மறுசுருள் என்பது அதன் பிறப்புப் பொருள். பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் செக் என்ற வினை ஒப்பிட்டுச் சரிபார்த்தலைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. பேருந்தில் ஏறும் செக்கிங் நம் கையிலுள்ள டிக்கெட்டை நடத்துநரின் கணக்கோடு ஒட்டிப் பார்க்கிறாரே, எக்ஸ்செக்கரில் பிளந்த குச்சியை ஒட்டிப் பார்த்ததும் அதே வேலைதான்.

வங்கிக் காசோலை இங்கிருந்து ஓரடி தூரம். இங்கிலாந்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய காசோலைகளில் ஒன்று 1659-ஆம் ஆண்டு தேதியிட்டது, 400 பவுண்டுக்கானது, முழுக்கக் கையால் எழுதியது. ஆனால் அப்போது அதற்கு செக் என்ற பெயர் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்றால் பணம் தரச் சொல்லும் தாளின் அடிக்கட்டை. தாளில் தொகையைத் திருத்தினால் அடிக்கட்டையோடு ஒட்டிப் பார்த்து மோசடியைத் தடுக்கலாம் என்பதால் அந்தப் பெயர். பிறகு அடிக்கட்டையின் பெயர் தாளுக்கே தாவியது. எக்ஸ்செக்கரின் எழுத்துச் சாயல் ஒட்டிக்கொண்டதில் பிரிட்டனில் எழுத்துக்கூட்டல் மாறியது. அமெரிக்கர்கள் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டார்கள். நாம் பிரிட்டனிடமிருந்து வங்கியைக் கற்றதால், சரிபார்ப்பதற்கு ஓர் எழுத்துக்கூட்டலும் காசோலைக்கு வேறோர் எழுத்துக்கூட்டலும் நம் பிள்ளைகள் படிக்க வேண்டியதாயிற்று. தமிழில் எழுதினால் அந்த வேற்றுமை மறைந்து ஒரே செக் ஆகிவிடுகிறது. வரலாற்றுக்கு நெருக்கமாக இருப்பது தமிழ் எழுத்துத்தான்.

காசோலையின் பெயருக்கு இன்னொரு பிறப்பும் சொல்வார்கள். இடைக்கால அரபு வணிகத்தில் 'ஸக்' என்ற கடன்முறி புழங்கியது. பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சகாரா பாலைவனத்தின் தென் ஓரத்திலிருந்த அவ்தகுஸ்த் நகரில், 42,000 தீனாருக்கான முறி ஒன்றைக் கண்டதாக எழுதியிருக்கிறார். 'ஸக்' என்பதன் பன்மையான 'ஸுகூக்' இன்றும் இஸ்லாமிய நிதித்துறையில் கடன்பத்திரத்தின் பெயர். ஒலியும் பொருளும் இவ்வளவு பொருந்தும்போது செக் இங்கிருந்துதான் வந்தது என்று முடிவு கட்டத் தோன்றும். பலர் அப்படியே எழுதியும் இருக்கிறார்கள். தாள் வழியே பணம் போகும் முறையை அரபு வணிகர்கள் ஐரோப்பாவுக்கு முன்பே தேர்ந்து நடத்தினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சொல்லின் வழி வேறு. அரபுச் சொல் நேரே வந்திருந்தால் ஆங்கிலத்தில் அது முதலில் தாளைக் குறித்திருக்க வேண்டும். அது முதலில் அடிக்கட்டையைக் குறித்தது. அதற்கும் முன்னால் தடுப்பதையும் ஒப்பிடுவதையும் குறித்தது. இந்தப் படிகள் அறுபடாமல் கிடைக்கும்போது, ஒலி ஒப்புமையை மட்டும் நம்பி வேறு தகப்பனைத் தேட வேண்டியதில்லை.

தமிழுக்கு வந்தபோது இதற்குக் காசோலை என்று பெயர் வைத்தவர் யாராயினும் நல்ல காது உள்ளவர். காசும் ஓலையும் சேர்ந்தால் பணம் தரச் சொல்லும் ஓலை. நிலம் விற்றாலும் கடன் வாங்கினாலும் பெண்ணுக்கு நாள் குறித்தாலும் ஓலை எழுதிய சமூகத்துக்கு, அந்தச் சொல்லில் ஒரு நம்பகம் கேட்கும். அதற்கு முன்பே நகரத்தார் வட்டிக்கடைகளில் உண்டியல் புழங்கியது. வடக்கே ஹுண்டி என்று சொல்லும் மாற்றுமுறிதான் உண்டியல். ரங்கூனில் எழுதிக் காரைக்குடியில் மாற்றலாம். அந்தச் சொல் இன்று கோயில் காணிக்கைப் பெட்டிக்கும் பிள்ளைகளின் மண் சேமிப்புக் கலயத்துக்கும் பெயர். இலங்கைத் தமிழர் பேச்சில் வங்கி வழியாக அல்லாமல் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கும் அதுவே பெயர். செக்குக்கு ஐரோப்பாவில் நடந்தது உண்டியலுக்கு நம் கண் முன்னால் நடந்திருக்கிறது.

காசோலை திரும்பி வந்தால் நம் மக்கள் சொல்வது 'செக் பவுன்ஸ்'. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1989 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 138-ஆம் பிரிவு அதைக் குற்றமாக்கியது. இரண்டாண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப்போல் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நீதிமன்ற வாசலில் 'நூத்தி முப்பத்தெட்டு' என்று எண்ணைச் சொன்னாலே போதும். பணம் தராமல் ஏய்ப்பதைத் தடுக்கப் பிறந்த பெயருள்ள தாள், ஏய்க்கவும் பயன்பட்டதால் வந்த சட்டம் இது.

அமெரிக்கா இந்தச் சொல்லை இன்னும் பிரித்துச் செலவழித்தது. உணவு விடுதியில் சாப்பிட்ட பிறகு வரும் பில் அங்கே செக். விடைத்தாளில் போடும் டிக் குறியும் செக். முன்பு ரயிலில் பெட்டியை ஒப்படைத்தால் தந்த பித்தளை வில்லையும் செக்தான். வில்லையைக் காட்டினால் ஒட்டிப் பார்த்துப் பெட்டியைத் தந்தார்கள். விமான நிலையத்தில் 'செக்-இன் லக்கேஜ்' என்று நாம் சொல்வது அந்தப் பித்தளை வில்லையின் மிச்சம்.

துணிக்கு வருவோம். கட்டம் போட்ட துணிக்கு ஆங்கிலேயர் செக் என்று பெயரிடுவதற்கு வெகுகாலம் முன்பே தறியில் அது இருந்தது. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் விட்டுவிட்டுக் கொடுத்தால் கட்டம் தானே விழும். அதற்குச் சதுரங்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லும் துணியும் சந்தித்த இடங்களில் சென்னைக்கு ஒரு தனி இடம் உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டத்துணி 'மெட்ராஸ்' என்ற பெயரிலேயே கடல் கடந்தது. கரீபியத் தீவுகளான டொமினிக்காவிலும் செயின்ட் லூசியாவிலும் அது தேசிய உடையின் பகுதி. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை 'இஞ்ஜிரி' என்று அழைக்கிறார்கள். பிறப்பிலும் இறப்பிலும் அந்தத் துணி இருந்தாக வேண்டும். கட்டத்திலுள்ள சில நூல்களை மட்டும் நுணுக்கமாக வெட்டி எடுத்து, அதே துணியில் புதிய கோலம் வருவிக்கும் கலையும் அவர்களுடையது. 1958-இல் நியூயார்க் கடை ஒன்று இத்துணியைச் சட்டையாக்கி விற்றபோது, சாயம் போகும், குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டும் என்று வாங்கியவர்களிடம் சொல்லவில்லை. துவைத்த இடத்திலெல்லாம் சாயம் ஓடியது. பிறகு அந்தச் சாயம் போவதையே சிறப்பாக்கி, 'சாயம் போகும் என்று உறுதி' என விளம்பரம் செய்தார்கள், விற்பனை பெருகியது.

நெய்தவர்கள் அதை செக் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நமக்கு அது கட்டம். கட்டம் போட்ட கைலி, தெற்கே போனால் கட்டச் சாரம், பட்டில் பாலும் பழமும் கட்டம். கட்டமும் சும்மா இருக்கவில்லை. சோதிடருக்கு ராசிக் கட்டம். ஆட்டத்துக்கு இறுதிக் கட்டம். அரசியலில் ஒருவரைக் குறிவைத்து ஓரங்கட்டினால் 'கட்டம் கட்டிவிட்டார்கள்'. போர்ச்சுகல் மொழியில் 'ஷத்ரேஸ்' என்றால் சதுரங்கம், கட்டத்துணியும் அதுவே, பிரேசில் பேச்சில் கம்பி போட்ட சிறையும் அதுவே. சதுரங்கம் என்ற நம் சொல் அரபு வழியே போய் அங்கே உருமாறி நிற்கிறது. ஆங்கிலத்தோடு கலந்து பேசாமலே அவர்களும் பலகையிலிருந்து துணிக்குப் போயிருக்கிறார்கள். கண் ஒன்றைப் பார்த்து இன்னொன்றின் பெயரால் அழைப்பது எங்கும் ஒரே மாதிரி நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் குடும்பத்தில் சேராத இருவரையும் சொல்லிவிட வேண்டும். பிராகா நகரைத் தலைநகராகக் கொண்ட செக் குடியரசின் செக், அம்மக்கள் தங்களுக்கு வழங்கிய பெயர். ஷாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எள்ளாட்டும் செக்கு நம் சொந்தச் சொல். அது பாரசீகத்தின் பக்கமே போனதில்லை.

அண்ணன் மகளுக்கு இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. மூன்று மாலைகள் ஆயின. மேசை மேலிருந்த செக், அதைச் சரிபார்த்த செக், சட்டையிலிருந்த செக் மூன்றும் ஒரே வார்த்தைதான் என்று கேட்டதும் அவள் சதுரங்கப் பலகையைக் கொண்டுவந்து விரித்தாள். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது, சென்னையில் நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்ததைப் பார்த்துவிட்டு ஆடக் கற்றவள். ஆடிக்கொண்டே அவளுக்கு இன்னொன்றும் சொன்னேன். ஈரானில் இப்போது ஆடுகிறவர்கள் அரசனைத் தாக்கும்போது "ஷாஹ்" என்று சொல்வதில்லை, "கிஷ்" என்கிறார்கள். பன்னாட்டுப் போட்டி விதிகளும் வாய்விட்டுச் சொல்லும்படி யாரையும் கேட்பதில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் காயை நகர்த்திவிட்டு மௌனமாக எழுதிக்கொள்வார்கள்.

அவள் குதிரையைத் தூக்கி என் அரசனைத் தாக்கும் கட்டத்தில் வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி "ராஜாவுக்கு செக்!" என்றாள். பிறகு தானே நிறுத்தி, விரல்விட்டு எண்ணுவதுபோல் யோசித்து, "அப்போ நான் 'ராஜாவுக்கு ராஜா'ன்னுதானே சொல்லியிருக்கேன்?" என்று கேட்டாள்.